ஏமநாதர் தோற்ற இரவு

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

திரைக்கலைஞர் ஒருவரைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, கதாநாயகர்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள், நான் குணசித்திர நடிகர் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். யார் என்று கேட்டார்கள். டி. எஸ். பாலையா என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் இருந்த தம்பி சற்றுத் தயங்கிவிட்டு, "அந்த ஹேமநாத பாகவதர்தானே, ஐயா?" என்றார். பாலையா காலமானது 1972ஆம் ஆண்டு. அந்தத் தம்பியின் தகப்பனார்கூட அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்க மாட்டார். இருந்தும், பெயரைச் சொன்ன உடனே அவருக்கு ஞாபகம் வந்தது ஒரு பாத்திரம். அதுவும் 'திருவிளையாடல்' படத்தில் தோற்றுப்போகிற பாத்திரம். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுதான்.

நான் ஒட்டுசுட்டானில் பிறந்து வளர்ந்தவன், ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் காலத்தில் படம் பார்ப்பதென்றால் நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியாவுக்குப் பஸ் ஏற வேண்டும். வருடத்தில் ஒருமுறை அப்படி ஒரு பயணம் வாய்த்தால் அதுவே பெரிய காரியம். ஆகவே எங்களில் அநேகர் நடிகர்களைக் கண்ணால் அறிவதற்கு முன்பு காதால் அறிந்தோம். இலங்கை வானொலியில் ஒலிச்சித்திரம் போகும். ஒரு திரைப்படத்தின் உரையாடல்களையும் பாடல்களையும் சுருக்கி, படத்தைப் பாராமலேயே கதை விளங்கும்படி கோத்து ஒலிபரப்புவார்கள். கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்காரர் கதைவசன இசைத்தட்டுகளைப் போடுவார். தென்னை மரத்தில் குழாயை ஏற்றிக் கட்டிவிட்டால், இரவு நேரத்தில் காற்று அடிக்கும் பக்கமாக இரண்டு மைல் தூரத்துக்கு வயல்வெளி கடந்து அந்தச் சத்தம் வரும். 'திருவிளையாடல்' படத்தின் வசனங்களை அதில் நடித்தவர்களின் முகம் தெரியாமலே முழுவதும் மனப்பாடம் செய்து வைத்திருந்த சிறுவர்களில் நானும் ஒருவன். சிவாஜி கணேசனின் குரல் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. அது முழங்கும், ஏறும், இறங்கும். ஆனால் அதற்கு எதிரே இன்னொரு குரல் இருந்தது. சற்றுத் தடித்த குரல். சொல்லின் கடைசி எழுத்தை மெல்ல இழுத்துவிட்டு, எதிரில் நிற்பவரை அளந்து பார்ப்பதுபோல ஒரு கணம் நின்று, பிறகு மேலே போகிற குரல். அந்த ஆளின் உருவத்தை நாங்கள் எங்கள் பாட்டில் கற்பனை செய்துகொண்டோம். என் கற்பனையில் அவர் பெரிய வயிற்றோடு, கழுத்தில் உருத்திராட்ச மாலையோடு, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிற்காலத்தில் படத்தைப் பார்த்தபோது நான் பெரிதாக ஏமாறவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துச் சுண்டங்கோட்டை என்ற ஊரில் 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி பிறந்தவர் பாலையா. அந்தத் தலைமுறையின் பெரும்பாலான நடிகர்களைப்போல அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர். ஒலிவாங்கி இல்லாத மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அது. அவருடைய முதற்படம் 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை வைத்து, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம். எம். ஜி. ஆருக்கும் அதுவே முதற்படம் என்பதால் அதன் பெயர் இன்றைக்கும் அடிபடுகிறது, எம். ஜி. ஆர். அதில் ஒரு சிறிய பொலிஸ் வேடத்தில் வந்து போகிறார். பாலையாவுக்குக் கிடைத்ததோ படத்தின் முக்கியமான வில்லன் வேடம். நல்ல குடும்பத்து மனிதனைக் குடியில் இழுத்துவிட்டுக் கெடுக்கும் கூடாத நண்பன்.

இந்தப் படத்துக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. குடிவெறியில் கொலை செய்துவிட்டதாக நம்பிய கதாநாயகன் தப்பியோடி வந்து சேருமிடம் இலங்கைத் தேயிலைத் தோட்டம்; அங்கே கூலியாளாக வேலை செய்கிறான். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் வன்னியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அப்படி வந்த ஒரு முதியவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அங்க ஓடி வர்றதுக்கு அவன் கொலையே செஞ்சிருக்கத் தேவையில்லீங்க, பசி போதும்" என்றார். அவர் அந்தப் படத்தைப் பார்த்தவரல்லர். நான் வசனம் எழுதுபவனாக இருந்திருந்தால் அதைக் குறித்து வைத்திருப்பேன்.

அடுத்த ஆண்டே, 1937இல், அதே டங்கன் இயக்கத்தில் 'அம்பிகாபதி'. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். அவருக்கு எதிராக உருத்திரசேனன் என்ற வேடத்தில் பாலையா. பாகவதர் பாடத் தொடங்கினால் சனம் மெய்ம்மறந்த காலம் அது. அப்படிப்பட்டவருக்கு எதிரே நின்று, பாடாமல், வெறும் பேச்சாலும் பார்வையாலும் சபையின் கோபத்தைத் தன் பக்கம் இழுப்பது சின்ன வேலையா? அதைச் செய்தபோது பாலையாவுக்கு வயது இருபத்துமூன்று. அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் பெரும்பாலும் இந்தப் பக்கத்திலேயே நிற்கிறார். 1954இல் வந்த 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டுத் தமிழ் பேசும் சேட்டு. 1956இல் வந்த 'மதுரை வீர'னில் பொம்மிமேல் கண்வைத்த நரசப்பன். இடையில் 1949இல், அண்ணாதுரை எழுதிய 'வேலைக்காரி'யில் கதாநாயகனின் தோழன் மணியாக வந்தார். பழிவாங்கத் துடிக்கிற நண்பனிடம், கத்தியைத் தீட்டுவதை விட்டுப் புத்தியைத் தீட்டு என்று சொல்லுகிறவன் இந்த மணிதான். படம் பார்த்திராதவர்களும் பழமொழிபோலச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அந்த வார்த்தை ஊருக்குள் இறங்கிவிட்டது. எழுதியவர் பெயர் தெரியும். சொன்னவர் பெயர் பலருக்கு மறந்துபோனது. குணசித்திர நடிகர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற பங்கு இது.

இங்கே கொஞ்சம் எங்கள் ஊர்ப் பக்கம் வர வேண்டும். வன்னியில் கூத்து உயிரோடு இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். முல்லைத்தீவுப் பகுதிக்குக் கோவலன் கூத்து எவ்வளவு நெருக்கமானது என்பதை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குப் போய்வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பத்தாம் வகுப்புப் படித்த காலத்தில் எங்கள் ஊரில் கோவலன் கூத்துப் பழக்கினார்கள். ஆட்களைத் தெரிந்தெடுத்த நாளில் எனக்குக் கோவலன் வேடம் கிடைக்கும் என்று நம்பிப் போயிருந்தேன். கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பொற்கொல்லனாக நிறுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. களவெடுத்துவிட்டு அந்தப் பழியை அப்பாவியின் தலையில் போடுகிற ஆள். கண்ணகியின் ஊரில் யாராவது விரும்பிப் போடுகிற வேடமா அது? அன்றிரவு எல்லாரும் போன பிறகு அண்ணாவியார் என்னைக் கூப்பிட்டு, மத்தளத்தை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, கோவலனை ஆர் ஆடினாலும் சனம் அழும். அது கதையின்ரை பலம். உன்னைப் பார்த்துச் சனம் பல்லை நெரிச்சால்தான் அந்த அழுகைக்கு ஒரு பெறுமதி. நீ பேசேக்கை அரசனுக்குச் சந்தேகம் வரக்கூடாது. அரசனென்ன, முன்னாலை இருக்கிற சனத்துக்கே ஒரு நொடி சந்தேகம் வரக்கூடாது." நான் நன்றாக ஆடினேனா என்பதை விடுவோம். கூத்து முடிந்து இரண்டு கிழமைக்கு எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பெரியம்மா என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அதை அண்ணாவியாரிடம் சொன்னபோது, அவர் சந்தோசத்தில் வெற்றிலைச் சரையை என் பக்கம் நீட்டினார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாலையாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய நடிப்பை இரண்டாகப் பிரித்து, முதலில் வில்லன், பிறகு நகைச்சுவை கலந்த தகப்பன் என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பிரிப்பில் அவ்வளவு உடன்பாடில்லை. இரண்டு இடத்திலும் அவர் செய்தது ஒரே வேலை. தோற்கப்போகிற மனிதனை, தோற்கிற கணம்வரை அவன் தோற்கமாட்டான் என்று நாம் நம்பும்படி நிறுத்துவதுதான் அந்த வேலை. கடைசியில் கதாநாயகன் அவரை வென்றான் என்றால் அவர் வில்லன். பெற்ற பிள்ளைகள் அவரை ஏமாற்றினார்கள் என்றால் அவர் நகைச்சுவைத் தகப்பன். இரண்டு பேருக்கும் அடியில் கிடக்கிறது ஒரே சரக்கு: தன்னைப் பற்றித் தனக்கே உள்ள பெரிய அபிப்பிராயம். 1959இல் வந்த 'பாகப்பிரிவினை'யை இந்த இரண்டு காலத்துக்கும் நடுவிலுள்ள படி என்று சொல்லலாம். மனைவியின் சொல்லை மீறமுடியாமல், தம்பியோடு சேர்ந்திருந்த வீட்டைப் பிரிக்க உடன்படுகிற மூத்த சகோதரனாக அவர் வருகிறார். கெட்டவனுமல்லன், நல்லவன் என்று சொல்லிவிடவும் முடியாது. காணிக்கு எல்லைவேலி போட்ட காலத்தில் எங்கள் குடும்பத்திலேயே அப்படிப்பட்ட ஒரு பெரியப்பா இருந்தார். ஆகவே அந்த வேடத்தைப் பற்றி நான் அதிகம் விளக்கத் தேவையில்லை, நேயர்களில் பலருக்கும் ஒரு பெரியப்பா இருப்பார்.

1964ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. அதில் பாலையா விஸ்வநாதன் என்னும் தோட்ட முதலாளி. பணம், பங்களா, இரண்டு பெண்பிள்ளைகள், படம் எடுக்கப்போகிறேன் என்று 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என ஒரு கம்பனிப் பெயரையும் வைத்துக்கொண்டு காசு கேட்கிற மகன் செல்லப்பா. செல்லப்பா நாகேஷ். இந்தப் படத்தில் எல்லாருக்கும் தெரிந்த காட்சி, மகன் தகப்பனுக்குக் கதை சொல்லுகிற காட்சி. நாகேஷ் அதில் வாயாலேயே எல்லாச் சத்தமும் போட்டு ஒரு பேய்க்கதையை அவிழ்த்துவிடுகிறார். பாலையா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். அவ்வளவுதான் அவருடைய வேலை.

நான் அந்தக் காட்சியை முதன்முதலில் பார்த்தது 1980களில், ஒரு கலியாண வீட்டுக்கு மறுநாள், வாடகைக்கு எடுத்துவந்த தொலைக்காட்சிப் பெட்டியிலும் டெக்கிலும். விடியவிடிய மூன்று படம். முற்றத்தில் பாயும் சாக்கும் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி மாமரத்தின் கீழே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் நாகேஷ் போட்ட சத்தங்களில் பாதி எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் சனம் சிரித்துச் சிரித்துப் புரண்டது. ஏனென்றால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது பாலையாவின் முகத்தை. முதலில் இவன் என்னத்தைச் சொல்லப்போகிறான் என்ற அலட்சியம். பிறகு சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்ற பெருந்தன்மை. அதன்பிறகு, பெற்ற மகனுக்கு முன்னால் பயத்தைக் காட்டக்கூடாதே என்ற மானம். கடைசியில் மானமும் போய், பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிற கண். எனக்குப் பக்கத்தில் இருந்த அப்பு ஒருவர், அவருக்குக் காதும் மந்தம், பாலையா பயப்படப் பயப்படத் தானும் சாக்கை இறுக்கிப் பிடித்தார். நாகேஷ் பெரிய நடிகர் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் எறிந்த பந்தைப் பிடிக்க எதிரே ஓர் ஆள் இருந்தார். பயப்படுவதற்கு ஆள் இல்லாவிட்டால் பேய்க்கதை ஏது?

அதே படத்தில் இன்னோர் இடம். தன் தோட்டத்தில் வேலை பார்த்த அசோக் என்ற இளைஞன் ஒரு பெரிய பணக்காரரின் மகன் என்று விஸ்வநாதனை நம்பவைக்கிறார்கள். அதுவரை அவன், இவன் என்று பேசிய வாய் ஒரே நொடியில் திரும்புகிறது: "அசோகர் உங்க மகருங்களா?" இந்த ஒரு வரியை ஒரு தமிழாசிரியனாக நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 'மகன்' என்ற சொல்லுக்கு 'மகர்' என்று ஒரு மரியாதை வடிவம் தமிழில் வழக்கில் இல்லை. பணத்தைக் கண்டவுடன் விஸ்வநாதனின் நாக்கு இலக்கணத்தை மீறி அந்த வடிவத்தை உண்டாக்குகிறது. எழுத்தில் பார்த்தால் அது ஒரு சின்னப் பகிடி. பாலையா அதைப் பகிடியாகச் சொல்வதில்லை. உண்மையான பக்தியோடு, முதுகு தானாக வளைய, குரலில் நெய் ஊற்றினதுபோல் சொல்கிறார். தான் சிரிப்புக்கிடமாகப் பேசுகிறோம் என்பது அந்த மனிதனுக்குத் தெரியாது. குளத்துத் தண்ணீர் திறக்கும் காலத்தில் எங்கள் பக்கத்துக் கமக்காரர் சிலர், வரம்பில் நின்று "உவன் என்ன செய்யிறான்" என்று திட்டிக்கொண்டிருந்துவிட்டு, உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் "ஐயா, வாங்கோ" என்று தலைத்துண்டை அவிழ்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் நானும் நின்றிருக்கிறேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இனித் 'திருவிளையாடல்'. 1965ஆம் ஆண்டு, ஏ. பி. நாகராஜன் இயக்கம், கே. வி. மகாதேவன் இசை. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் விறகு விற்ற படலம் என்று வருகிற கதைதான் படத்தில் ஹேமநாத பாகவதர் பகுதியாக வருகிறது. வடநாட்டிலிருந்து ஏமநாதன் என்ற பாடகன் மதுரைக்கு வருகிறான். பாண்டியனின் சபையில் பாடி, தன்னோடு போட்டியிட ஆள் உண்டா என்று கேட்கிறான். பாணபத்திரர் என்ற பக்தர் அவனை எதிர்க்க வேண்டியவராகிறார். பயந்துபோய்ச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார். இறைவன் விறகு விற்பவனாக வந்து ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் இருந்து பாடுகிறார். பாணபத்திரரிடம் பாடம் கேட்கத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் ஆசான் எப்படிப் பாடுவார் என்று நினைத்த ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடிவிடுகிறான். 

பாலையாவுக்கு இதில் கிடைத்த பாட்டு 'ஒரு நாள் போதுமா'. கண்ணதாசன் எழுதியது, பாடியவர் பாலமுரளி கிருஷ்ணா. மாண்டு இராகத்தில் தொடங்கித் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகிற பாட்டு; அந்தந்த இராகத்தின் பெயரையே அந்தந்த அடியின் சொல்லுக்குள் கவிஞர் ஒளித்து வைத்திருக்கிறார். பாலமுரளி அளவுக்குக் குரல் இருந்தால் வாயசைக்கிறவருக்கு இரண்டே வழிதான். ஒன்று, அந்தக் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். அல்லது, அந்தக் குரல் தன்னுடையதே என்று சபையை நம்பவைக்கலாம். பாலையா இரண்டாவதைச் செய்தார். ஒரு சங்கதி விழுந்ததும் அவர் அதை எப்படிப் பார்த்து இரசிக்கிறார் என்று கவனியுங்கள். தன் பாட்டைத் தானே சுவைத்து, எதிரில் இருப்பவர்களுக்கு இது விளங்குமோ என்னவோ என்று இரங்குகிற பார்வை. பாட்டு எவ்வளவு இனிமையோ அவ்வளவுக்கு அந்த மனிதன்மேல் நமக்கு எரிச்சல் வருகிறது. சங்கீதம் தெய்வீகமாக இருக்க, பாடுகிறவனின் முகம் மட்டும் கர்வத்தால் பிசுபிசுக்க வேண்டும். அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க எத்தனை பேரால் முடியும்?

நான் சொன்னேனே, கோவலனை ஆடுகிறவனுக்குக் கதையே பலம் என்று. அதுபோலச் சிவபெருமானாக வருகிற சிவாஜிக்குப் புராணம் பலம், ரி. எம். சௌந்தரராஜன் பாடிய 'பாட்டும் நானே' பலம். ஆனால் இறைவனே இறங்கி வந்து தோற்கடிக்க வேண்டிய அளவுக்கு எதிரில் ஒருவன் இருந்தான் என்று நாம் நம்பாவிட்டால், வந்த இறைவன் சிறுத்துப்போவார். பாலையா அந்தச் சபையில் தன்னை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டதால்தான் அன்றிரவு இறங்கி ஓட அவருக்கு இடமிருந்தது. அந்த இரவுக் காட்சியில் அவர் அதிகம் பேசுவதில்லை. திண்ணையில் இருந்து வருகிற பாட்டைக் கேட்கிறார். கேட்கத் தெரிந்தவன் என்பதால்தான் தோற்கிறார். சங்கீதம் தெரியாத ஒருவனென்றால் விறகுக்காரனை அதட்டித் துரத்திவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பான். ஏமநாதனின் தோல்விக்குக் காரணமே அவனுடைய ஞானம் என்பது புராணத்திலேயே இருக்கிறது. அதை முகத்தில் எழுதிக் காட்டியவர் பாலையா.

1990களின் இறுதியில் நாங்கள் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் உறவினரின் காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். மின்சாரம் இல்லை என்பது தெரிந்ததே. பற்றரியும் உள்ளே வரத் தடை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றிவரக் குந்தியிருந்து கேட்பதுதான் வழக்கம். செய்திக்காகத்தான் அந்தப் பாடு. செய்தி முடிந்ததும் நிறுத்திவிடுவோம், சுற்றுகிற கைக்கும் ஓய்வு வேண்டுமே. ஒருநாள் செய்தி முடிந்த கையோடு 'திருவிளையாடல்' ஒலிச்சித்திரம் தொடங்கிவிட்டது. யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை. நான், என் மைத்துனர், பக்கத்துக் கொட்டில் பெடியன் என்று முறைவைத்துச் சுற்றினோம். பெடலைச் சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் வானொலியின் சத்தமும் சோர்ந்து கரகரக்கும். ஹேமநாத பாகவதர் பாண்டியனின் சபையில் அவ்வளவு கர்வத்தோடு பேசத் தொடங்கியிருக்கிறார், நடு வசனத்தில் மைத்துனருக்குக் கை வலிக்கிறது, பாகவதரின் ஆணவம் மெல்ல மெல்ல அடங்கி முனகலாகிறது. கிழவர்கள் இருவர், "சுத்தடா, சுத்தடா, மனுசன் தோக்கிறதுக்கு இன்னும் நேரமிருக்கு" என்று கத்தினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கொட்டிலில் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வார். அன்றிரவும் நாங்கள் பாலையாவின் முகத்தைக் காணவில்லை. முப்பது வருடத்துக்கு முன்பு தென்னைமரத்துக் குழாயில் கேட்டதுபோலவே காதால் மட்டும் கேட்டோம்.

1967இல் பாலச்சந்தர் இயக்கிய 'பாமா விஜய'த்தில் வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யும் மூன்று மகன்களுக்குத் தகப்பனாக அவர் வருவதையும், அதே ஆண்டு 'ஊட்டி வரை உற'வில் சிவாஜிக்குத் தகப்பனாக வருவதையும் பெயரளவில் சொல்லிக் கடந்துபோகிறேன். ஆனால் 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளைக் கடந்துபோக முடியாது, குறிப்பாக எங்கள் பக்கத்து ஆட்களால். கொத்தமங்கலம் சுப்புவின் கதை. சிவாஜி நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம். அவருக்குத் தவில் வாசிக்கிறவர் முத்துராக்கு, அதுதான் பாலையா. நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தவிலைப் பற்றிக் கதைத்தால் கவனமாகக் கதைக்க வேண்டும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த நாடு இது. திருவிழா இரவுகளில் மேளச்சமா என்கிற நாதஸ்வர தவில் கச்சேரிக்கு முன்னால் வீதியில் மணலில் குந்தியிருந்து, சாமி புறப்பட்டுப் போனதையும் மறந்து தனித்தவில் கேட்ட சனம் இது. அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால் ஒரு நடிகர் தவிலைத் தூக்கிக் கழுத்தில் போட்டால், கழியைப் பிடித்த விதத்திலேயே குற்றம் கண்டுவிடுவார்கள். எங்கள் கோயிலுக்கு வந்த தவில்காரர் ஒருவரிடம் பாலையாவைப் பற்றி ஒருமுறை கேட்டேன். வாசிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நாயனக்காரர் ஒரு பிடி பிடிச்சதும் எங்கடை ஆக்கள் திரும்பி அவரைப் பார்ப்பாங்கள், அந்தப் பார்வை அவரிட்டை இருக்கு" என்று மட்டும் சொன்னார். படத்தை மறுபடி பார்த்தபோது கவனித்தேன். அவர் சொன்னது சரி. கோபக்காரத் தலைவனோடு வருடக்கணக்காக ஊர் ஊராக அலைந்த பக்கவாத்தியக்காரனுக்கே வரக்கூடிய பார்வை அது. பாதி பெருமை, பாதி இன்றைக்கு என்ன வில்லங்கம் செய்யப்போகிறானோ என்ற யோசனை. இந்தப் படத்தில் பாலையா யாரிடமும் தோற்கவில்லை. மற்றவர் வெல்வதைப் பக்கத்தில் நின்று தாங்குகிறார். முதற்படத்தில் நண்பன் என்ற பெயரில் ஒருவனைக் கெடுத்தவர், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து நண்பன் என்றால் எப்படி நிற்க வேண்டும் என்று அதே உடம்பால் காட்டினார்.

நான்கு ஆண்டுகளில், 1972ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதி அவர் காலமானார். வயது ஐம்பத்தேழு. இப்போது கணக்குப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது; தகப்பன், பெரியப்பா, பாகவதர் என்று நாங்கள் கிழவராகவே எண்ணிக்கொண்டிருந்த மனிதர், 'காதலிக்க நேரமில்லை'யில் நடித்தபோது ஐம்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அவருடைய மகன் ஜூனியர் பாலையா என்ற பெயரிலேயே நீண்ட காலம் நடித்து, 2023இல் மறைந்தார். அவர் முகத்தில் தகப்பனின் சாயலைத் தேடியே நாங்கள் சில படங்களைப் பார்த்தோம் என்பது அவருக்கு நாங்கள் செய்த அநியாயம்தான்.

நிலையத்தார் இந்த உரையைத் தொடர்ந்து 'ஒரு நாள் போதுமா' பாடலை ஒலிபரப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வானொலியில் நீங்கள் கேட்கப்போவது முழுவதும் பாலமுரளி கிருஷ்ணாவின் குரல். பாலையாவின் குரல் அதில் ஒரு சொல்லும் இல்லை. இருந்தாலும் கானடா தொடங்குகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அந்த இடத்தில் உங்கள் கண்ணுக்குள் வந்து தலையை ஆட்டுகிறவர் யார் என்று பாருங்கள்.

வணக்கம்.